ஜஹீரும் ஸஹ்ஜும்: குழந்தையின் குருதிக் கழிச்சலும் அரபு மருத்துவ நூல்களும்

சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பிய நேரத்தில், எம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய எட்டு மாதக் குழந்தை அன்று பகல் முதல் விட்டுவிட்டு வீரிட்டு அழுவதும், கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்வதும், பின் வெளிறித் துவண்டு கிடப்பதுமாக இருந்ததாம். மாலையில் துணி மாற்றிய தாய், மலம் இருக்கவேண்டிய இடத்தில் சளியும் இரத்தமும் கலந்த செந்நிறப் பாகு போன்ற ஒன்றைக் கண்டு பதறிப்போனார். பல் முளைக்கும் பருவத்தில் வரும் சீதபேதிதான் என்று கூறி, வீட்டுப் பெரியவர்கள் ஓமநீர் புகட்டியிருக்கிறார்கள். இவ்வளவையும் சொன்ன மாணவர் இறுதியில் கேட்ட கேள்வி எம்மைத் திடுக்கிட வைத்தது. "ஹஜ்ரத், 'கானூன்' பற்றி வகுப்பில் நிறையச் சொல்லியிருக்கிறீர்கள். இதற்கு இப்னு ஸீனா என்ன மருந்து சொல்கிறார்கள்?"

கானூனை நாளை பார்த்துக்கொள்ளலாம், இந்த நிமிடமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் புறப்படுங்கள் என்றோம். நள்ளிரவில் செய்த ஸ்கேன் பரிசோதனையில், குடலின் ஒரு பகுதி அதையடுத்த பகுதிக்குள் செருகிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆசனவாய் வழியே அளவாகக் காற்றைச் செலுத்தி அச்செருகலை விடுவித்தார்கள். கத்தி வைக்க வேண்டிய நிலை வரவில்லை. அல்ஹம்து லில்லாஹ், பிள்ளை பிழைத்தது.

ஆயினும் அம்மாணவரின் கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. நம் முன்னோரின் மருத்துவப் பெருமையை மேடைதோறும் பேசுகிறோம். அப்பேச்சை நம்பிய ஒருவர், உயிருக்குப் போராடும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பத்து நூற்றாண்டுக்கு முந்தைய ஏட்டில் மருந்து தேடும் நிலை வந்தால், பேசியவர்களுக்கும் அதில் பொறுப்பு உண்டு. ஆகவே அந்த ஏடுகள் உண்மையில் என்ன கண்டன, எதைக் காணவில்லை என்பதை ஒருமுறை நிதானமாகப் பார்க்க விழைந்தோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். இந்நோயைக் குறிக்க அரபு மருத்துவ நூல்கள் ஆளும் சொற்களில் முதன்மையானவை இரண்டு. ஒன்று 'ஜஹீர்'. முக்கி முனகி மூச்சுவிடுவதே இதன் வேர்ப்பொருள். பேறுகாலத்தில் பெண் முக்குவதற்கும் அரபியர் இவ்வேரிலிருந்து பிறந்த வினைச்சொல்லையே ஆள்வர். மலம் கழிக்கும் உந்துதல் ஓயாமல் எழ, உட்கார்ந்து முக்கினால் சிறிது சளியும் இரத்தமுமே வெளிவரும் நிலைக்கு இது பெயராயிற்று. தமிழில் நம் பாட்டிமார் 'வயிற்றுக்கடுப்பு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். மற்றொரு சொல் 'ஸஹ்ஜ்'. இதற்குச் சிராய்ப்பு என்று பொருள். குடலின் உட்புறம் உரசிச் சிராய்ந்து குருதி கசிவதை இச்சொல் சுட்டுகிறது. முன்னது நோயாளி படும் பாட்டால் அமைந்த பெயர். பின்னது குடலுக்குள் நிகழ்வதாக மருத்துவர் ஊகித்ததால் அமைந்த பெயர். இவற்றோடு கிரேக்கத்திலிருந்து வந்த 'தூஸன்தாரியா' என்ற சொல்லும் வழங்கியது. ஆங்கில மருத்துவர்கள் இன்றும் சொல்லும் டிசென்டரி இதே சொல்லின் மறுவடிவமே.

குழந்தை நோய்களுக்கென்று தனி நூல் எழுதும் மரபு ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் நன்கு வேரூன்றிவிட்டது. ரய் நகரத்து அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸியின் (கி.பி. 865–925) பெயரால் வழங்கும் குழந்தை நோய்ச் சிறுநூலின் அரபு மூலம் நமக்குக் கிடைக்கவில்லை. இலத்தீன், ஹீப்ரு மொழிபெயர்ப்புகள் வழியாகவே அது எஞ்சியிருக்கிறது. 1472-இல் இத்தாலியின் பதுவா நகரில் பாகெல்லார்தோ என்ற மருத்துவர் குழந்தை மருத்துவம் பற்றி ஒரு நூலை அச்சிட்டார். அத்துறையில் அச்சேறிய முதல் நூல் என்று கருதப்படும் அது, அர்ராஸியிடமிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டது. கைரவானில் இப்னுல் ஜஸ்ஸார் சிறுவர் பராமரிப்பு பற்றி 22 அத்தியாயங்களில் 'ஸியாஸதுஸ் ஸிப்யான்' என்ற நூலை இயற்றினார். இதன் திருத்தமான பதிப்பு 1968-இல் தூனிஸில் வெளிவந்தது. மோஸுலுக்கு அண்மையிலுள்ள பலத் ஊரைச் சேர்ந்த அஹ்மத் அல்பலதீ, ஃபாத்திமிய அமைச்சர் யஃகூப் இப்னு கில்லிஸுக்காகக் கர்ப்பிணிகள், சிசுக்கள், சிறுவர்கள் ஆகியோர் நலம் பற்றி விரிவான நூலொன்றை எழுதினார். குர்துபாவில் அரீப் இப்னு ஸஃது எழுதியதும் இவ்வகையே. இவர்களிடம் மருந்துச் சரக்குகளின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. அப்பட்டியலை ஈண்டு அடுக்குவதால் பயன் ஏதும் இல்லை.

நின்று நோக்க வேண்டிய இடம் இப்னு ஸீனாவின் (கி.பி. 980–1037) 'அல்கானூன் ஃபித் திப்'. அதன் முதல் நூலில் பிறந்த சிசு முதல் சிறுவர் வரையிலான பராமரிப்புக்கென ஒரு பகுதியும், மூன்றாம் நூலில் குடல் நோய்களுக்கென நீண்ட ஒரு பகுதியும் உள்ளன. குடல் பகுதியில் அவர் மருந்துக்கு முன் கேள்விகளை வைக்கிறார். இரத்தம் மலத்தோடு நன்கு கலந்து வருகிறதா, அல்லது தனித்து நிற்கிறதா? வலி தொப்புளுக்கு மேலா, கீழா? வலி எழுந்தவுடன் கழிச்சல் ஏற்படுகிறதா, இடைவெளி விட்டு ஏற்படுகிறதா? நன்கு கலந்து, இடைவெளி விட்டு வந்தால் புண் மேற்குடலில். கலக்காமல், உடனே வந்தால் கீழ்க்குடலில் என்பது அவர் கணிப்பு. இறைச்சி கழுவிய நீரைப்போல் வலியின்றிக் கழிந்தால் கோளாறு ஈரலில் என்பார். இவற்றில் பல ஜாலீனூஸிடமிருந்து வந்தவை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஈரல் பற்றிய கருத்து இன்று நிற்காது. ஆயினும், குருதியைக் கண்டவுடன் மருந்தை நீட்டாமல், அது எங்கிருந்து வருகிறது, எவ்வாறு வருகிறது என்று கேட்கும் ஒழுங்கு இன்றைய குழந்தை மருத்துவருக்கும் அந்நியமானதன்று. மலத்தின் மேல் கோடாகப் படிந்த புத்திரத்தம், சளியோடு கலந்த இரத்தம், கருத்துப்போன மலம் என்று அவரும் பிரித்தே விசாரிக்கிறார்.

கானூனில் எம்மை மிகவும் கவர்ந்தது மெய்யான ஜஹீர், பொய்யான ஜஹீர் என்ற பாகுபாடு. யூனானி ஹகீம்கள் இன்றும் இதை 'ஸாதிக்', 'காதிப்' என்று சொல்வர். மெய்யானதில் குடலே புண்பட்டிருக்கிறது. பொய்யானதில் இறுகிய மலம் உள்ளே அடைத்துக்கொண்டிருக்க, அதன் ஓரமாகச் சளியும் சிறிது குருதியும் மட்டும் கசிகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் பேதியாகவே தோன்றும். இரண்டாமவருக்குப் பேதியை நிறுத்தும் மருந்து கொடுத்தால் கேடு இரட்டிப்பாகும். அவருக்கு வேண்டியது மலத்தை இளக்குவதே. சிறு பிள்ளைகளின் மலத்தில் இரத்தம் தென்படுவதற்கு இன்று அடிக்கடி காணப்படும் காரணங்களில் ஒன்று, மலச்சிக்கலால் ஆசனவாயில் உண்டாகும் சிறு வெடிப்பு என்பதை நோக்க, இப்பாகுபாட்டின் கூர்மை விளங்கும்.

சிசுக்களின் நோய்களைப் பேசும்போது இப்னு ஸீனா முதலில் பார்ப்பது பாலூட்டுபவளை. அவளுடைய உணவைச் சீர்செய்வதே குழந்தைக்குச் செய்யும் முதல் மருத்துவம் என்பது அவருடைய நிலைப்பாடு. உடல்நீர்களின் சமநிலை கெடுகிறது என்ற பழைய கோட்பாட்டிலிருந்து அவர் இதற்கு வந்தார். இன்று, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் சில சிசுக்களின் மலத்தில் இரத்தக்கோடு தென்படும்போது, பசும்பாற் புரதத்தின் ஒவ்வாமையைக் கருத்திற்கொண்டு, தாயைச் சிறிது காலம் பாலும் பால்பொருளும் விலக்கிப் பார்க்குமாறு மருத்துவர் சொல்வதுண்டு. இரண்டுக்கும் காரணம் வேறு. வழி மட்டும் ஓரிடத்தில் சந்திக்கிறது. 'அன்றே சொன்னார்' என்று நம்மவர் எழுதும் கட்டுரைகள் இத்தகைய சந்திப்புகளைத்தான் பெரிதாக்குகின்றன. அவ்வாறு செய்ய எமக்கு உடன்பாடில்லை.

மற்றோர் இடம். பேதியால் அவதியுறும் குழந்தைக்குப் பால் ஆகாத நாளில், ரொட்டியின் உட்பகுதியையோ, 'ஸவீக்' எனப்படும் வறுத்த தானிய மாவையோ நீரில் வேகவைத்துக் கொடுக்கலாம் என்கிறார். தானியக் கஞ்சி பேதி கண்ட பிள்ளைக்கு ஏன் உதவுகிறது என்பது 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் விளங்கிற்று. அதனைப் பின்னர் சொல்வோம். குளிர் தாக்கிய பிள்ளைக்கு வரும் ஜஹீருக்கு, 'ஹுர்ஃப்' எனும் காரமான சிறுவிதையையும் சீரகத்தையும் இடித்துச் சலித்து, பழைய பசுநெய்யில் குழைத்துக் கொடுக்கச் சொல்கிறார். இவ்வளவுதான். குழந்தைகளுக்குரிய ஜஹீர் பற்றி அப்பகுதியில் அவர் சொல்வது சில வரிகளே.

இப்னு ஸீனாவின் சொந்த முடிவை அறிந்தவர்களுக்கு இப்பக்கங்கள் வேறு விதமாகவும் ஒலிக்கும். அவருடைய மாணவர் அல்ஜூஜ்ஜானீ எழுதிய வரலாற்றின்படி, ஆசிரியருக்குக் 'கூலன்ஜ்' என்னும் கடும் குடல்வலி கண்டது. படை நகரும் வேளை. விரைவில் குணமாக வேண்டும் என்ற பதற்றம். ஒரே நாளில் எட்டு முறை தமக்குத் தாமே எனிமா ஏற்றிக்கொண்டார். குடல் புண்ணாகி, ஸஹ்ஜ் தோன்றியது. பின்பு எனிமாவில் இரண்டு தானிக் அளவு செலரி விதை சேர்க்கச் சொன்னபோது, அருகிருந்த மருத்துவர் ஐந்து திர்ஹம் போட்டுவிட்டார். ஆறு தானிக் ஒரு திர்ஹம் என்பதால், ஏறத்தாழ பதினைந்து மடங்கு. வேண்டுமென்றா, தவறுதலாகவா என்பது தமக்குத் தெரியாது என்று மாணவர் நேர்மையோடு எழுதுகிறார். புண் முற்றியது. ஹிஜ்ரி 428-இல் ஹமதானில் அவர் காலமானார். ஸஹ்ஜுக்கு அவ்வளவு நுட்பமான இலக்கணம் வகுத்த கை, பதற்றத்தில் அளவு மீறியது. அளவு பற்றிய இப்பாடத்தை அவருடைய மருந்துக் குறிப்புகளைவிட முக்கியமாகக் கருதுகிறோம்.

இனி, நம் வீடுகளில் கானூனைவிட அதிகமாகப் பேசப்படும் ஒன்றுக்கு வருவோம். தம் சகோதரருக்கு வயிறு போகிறது என்று நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் வந்து முறையிட்டதும், தேன் கொடுக்குமாறு அவர்கள் பணித்ததும், போக்கு மிகுந்ததென அவர் திரும்பத் திரும்ப வந்ததும், மீண்டும் மீண்டும் தேனே சொல்லப்பட்டு அவர் குணமடைந்ததும் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) வாயிலாகப் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளன. இதற்கு இப்னுல் கையிம் (ரஹ், ஹி. 751) தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. அம்மனிதருக்கு இருந்தது மிகையுணவால் வந்த அஜீரணம். உள்ளே தேங்கியதை வெளியேற்றுவதே மருந்து. தேன் அதைச் செய்தது. நோயின் அளவுக்கு மருந்தின் அளவு ஈடாகும்வரை திரும்பக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது அவர் கருத்து. அதாவது, ஹதீஸை விளக்கிய அறிஞரும் நோயின் வகை என்ன என்று கேட்டுத்தான் விளக்கினார். இப்னு கல்தூன் (ரஹ், கி.பி. 1406) இன்னும் ஓரடி முன் சென்றார். நபியவர்கள் அனுப்பப்பட்டது மார்க்கச் சட்டங்களைக் கற்பிக்கவே. அக்கால அரபியரின் வழக்கிலிருந்த மருத்துவம் பற்றிய அறிவிப்புகளை மார்க்கச் சட்டத்தைப் போன்று கொள்ளலாகாது என்பது 'முகத்திமா'வில் அவர் நிலைநாட்டும் கருத்து. உண்மையான நம்பிக்கையோடு பரக்கத்துக்காகப் பயன்படுத்துவதை அவர் தடுக்கவில்லை. இவ்விருவரில் எவருடைய கருத்தை ஏற்பதென்பதில் உலமாக்களிடையே வேறுபாடு உண்டு. ஆனால் அந்த நிகழ்ச்சியில் இடம்பெறுபவர் ஒருவரின் சகோதரர்; பால்குடிச் சிசு என்று அதில் எங்கும் இல்லை.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விதைத்துகள்கள் பெரியவர் குடலில் முளைப்பதில்லை. சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கிப் பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சிசு பாட்டுலிசம் எனப்படும் இந்நோய் 1976-இல்தான் இனங்காணப்பட்டது. இப்னுல் கையிமுக்கோ இப்னு ஸீனாவுக்கோ இது தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும். தஹ்னீக் என்ற பெயரிலும், சேனை வைத்தல் என்ற ஊர் வழக்கிலும் பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவுவோர் இதை அறிந்திருக்க வேண்டும். பேரீச்சம்பழத்தை மென்று தஹ்னீக் செய்த செய்தியே ஹதீஸ்களில் நமக்குப் பழக்கமானது.

முன்னோர் காணாதது எது என்ற வினாவுக்கு வருவோம். பித்தம் கூர்மையாகிக் குடலைச் சுரண்டுகிறது என்பதே அவர்களின் அடிப்படை விளக்கம். மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து உணவுக்கும், கிணற்றுக்கும் நோய் பரவும் பாதை அவர்களுக்குத் தென்படவில்லை. வழிப்போக்கர்கள் நீரை வடிகட்டியோ காய்ச்சியோ குடிக்கவேண்டும் என்று இப்னு ஸீனா எழுதியிருக்கிறார். அந்தக் காய்ச்சிய நீருக்கும் குழந்தையின் ஸஹ்ஜுக்கும் இடையே அவர் கோடு இழுக்கவில்லை. அக்கோடு விழ எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயின. 1875-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் லோஷ் ஒரு நோயாளியின் மலத்தில் அமீபாவைக் கண்டார். அடுத்த பத்தாண்டில் இஸ்கந்தரிய்யாவில் பணிபுரிந்த கிரேக்க மருத்துவர் கார்த்தூலிஸ், எகிப்தியரின் சீதபேதிக்கும் அமீபாவுக்கும் உள்ள தொடர்பை வலுவாக எடுத்துக்காட்டினார். 1897-இல் ஜப்பானில் 90,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய கொள்ளைநோயின்போது, இளம் ஆய்வாளர் கியோஷி ஷிகா மற்றொரு கிருமியைப் பிரித்தெடுத்தார். ஷிகெல்லா என்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது. சிறு பிள்ளைகளின் இரத்தபேதிக்கு உலகெங்கும் முதன்மையான காரணம் அதுவே.

கிருமி தெரிந்தும் பிள்ளைகள் மாண்டனர். பேதியில் உடலைவிட்டு நீரும் உப்பும் வெளியேறுவதை ஈடுசெய்ய நரம்பில் ஊசி வழியே உப்புநீர் ஏற்றவேண்டியிருந்தது. அவ்வசதி ஏழைகளுக்கு எங்கே? சர்க்கரை உடனிருந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற உண்மையைக் கொண்டு, 1968-இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் நாலின், கேஷ் என்ற இரு மருத்துவர்கள் வாய்வழிக் கரைசலைச் சோதித்து வெற்றி கண்டனர். 1971 போரில் அகதிகள் குவிந்த பங்காவ் முகாமில், நரம்புவழி நீர் தீர்ந்துபோக, திலீப் மஹலனாபிஸ் அக்கரைசலைப் பீப்பாய்களில் கலந்து வைத்து, உறவினர்களே குவளையில் முகந்து புகட்டுமாறு செய்தார். 30 விழுக்காட்டை எட்டிய இறப்பு 3.6 விழுக்காடாக வீழ்ந்தது. 1980 முதல் பத்தாண்டுகள் 'பிராக்' நிறுவனத்துப் பெண்கள் பங்களாதேஷின் 1 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்று, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் நீர் என்று தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தனர். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று பின்னர் ஒருவர் வந்து சோதித்து, அதற்கேற்பவே கற்பித்தவளுக்கு ஊதியம் வழங்கப்பட்டது. எம் மதரஸாக்களிலும் ஆசிரியர்களுக்கு இம்முறையில் ஊதியம் கணக்கிட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பார்த்து அஞ்சினோம்! பின்னர் சர்க்கரைக்குப் பதில் அரிசிமாவுக் கஞ்சியும் அதே வேலையைச் செய்வது நிறுவப்பட்டது. மாவு குடலில் சிறிது சிறிதாகச் சர்க்கரையாகிறது. ஸவீக் கஞ்சி பயன்பட்டிருக்குமானால் அதன் காரணம் இங்கேதான் உள்ளது. ஆனால் கானூனின் அக்குறிப்பில் உப்பு இல்லை. இழந்த நீரை இழந்த அளவுக்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

ஒரு வேறுபாட்டை ஈண்டு மறக்கலாகாது. கரைசல் காப்பது நீரிழப்பிலிருந்து. இரத்தம் வரும் பேதிக்கு அது மட்டும் போதாது. ஷிகெல்லாவுக்கு மருத்துவர் தேர்ந்து கொடுக்கும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து வேண்டும். முன்பு பயன்பட்ட மருந்துகள் பலவற்றை அக்கிருமி இப்போது எதிர்த்து நிற்பதால், கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது ஆபத்து. பேதியைக் கட்டும் மருந்தை இந்நிலையில் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. துத்தநாக மருந்தை 10 முதல் 14 நாள் கொடுக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004 முதல் கூறிவருகின்றன. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தலாகாது. விட்டுவிட்டு வீரிட்டழுதல், பச்சை வாந்தி, வயிறு உப்புதல், சோர்ந்து கண் செருகுதல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும், மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவாயின் எதுவும் இல்லாவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் போகவேண்டும்.

எம் மாணவரின் பிள்ளைக்கு நேர்ந்த குடல் செருகலுக்குக் கிருமிக்கொல்லியும் உதவாது, கரைசலும் உதவாது. அதற்குத் திரவ அழுத்தத்தால் குடலை விடுவிக்கும் முறையைக் கோபன்ஹேகனில் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1876-இல் வெளியிட்டார். இப்னு ஸீனாவை அழித்த அதே எனிமாவின் வழிதான். அழுத்தத்துக்கு இன்று அளவுமானி உண்டு, உள்ளே நடப்பதைக் காட்டத் திரை உண்டு.

வயிற்று நோயால் இறப்பவர் ஷஹீத் என்று நபிமொழி கூறுகிறது. 'மப்தூன்' என்ற இச்சொல்லின் பொருளை விளக்கும்போது விரிவுரையாளர்கள் பேதியையும் சேர்த்தே எண்ணுகின்றனர். அன்று எத்தனை தாய்மார்களுக்கு இது ஆறுதலாய் இருந்திருக்கும்! மருந்து இல்லாத காலத்தில் பிள்ளையைக் கொடுத்தவர்களுக்கு அந்த ஆறுதல் உரியது. பக்கத்துத் தெருவில் மருத்துவமனை இருக்க ஓமநீரோடு விடியலுக்குக் காத்திருப்பவர் அதனை எடுத்துக் கையாள்வதை எம்மால் ஏற்க இயலவில்லை.

ஒரு மாதம் கழித்து அம்மாணவர் எம் வீட்டுக்கு வந்தார். அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள் ஹஜ்ரத் என்றார். கானூனின் முதல் பாகத்தை எடுத்து, சிறுவரின் ஜஹீர் பற்றிய வரிகளில் விரல் வைத்துக் காட்டினோம். விதை, சீரகம், நெய் என்று வாய்விட்டு வாசித்தார். அடுத்த வரி வேறு நோய்க்குப் போய்விட்டது. இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்து, "அன்று எங்கள் வீட்டில் கொடுத்த ஓமநீரும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதானே, ஹஜ்ரத்?" என்றார்.

ஏறக்குறைய ஒன்றுதான் என்றோம்.